இடது கைக்காரர்களால் கிட்டார் வாசிக்க முடியாதா?

“இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தந்தி வாத்தியம் வராது, வலது கைக்கு மாறினால்தான் கற்க முடியும்” என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு. ஆர்வத்தோடு வரும் ஒரு குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் தவறு என்பதால் விளக்கியாக வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர். பேஸ் கிட்டாரை இடது கை முறையிலேயே வாசிக்கிறார். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கை கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டினார். அதேபோல் தலைகீழாகப் பிடித்த ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் தந்திகளைக்கூட மாற்றவில்லை. இடது கைக்காரரான மார்க் நாப்ஃப்ளரோ வலது கை முறையிலேயே வாசிக்கிறார். ஆக, ஒரே வழி என்று எதுவும் இல்லை.

“எந்த வாத்தியத்திலும் தந்தியை மாற்றிக் கட்டினால் போதும்” என்று இன்னொரு பக்கம் சொல்லப்படுவதும் சரியல்ல. கிட்டாரில் தந்தி உட்காரும் பள்ளங்கள் அந்தந்தத் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. அவற்றையும் மாற்ற வேண்டும். வயலினில் சிக்கல் இன்னும் ஆழம். மெல்லிய தந்தியின் பக்கம், குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டின்) காலருகே வயலினின் உள்ளே ஒரு சிறு மரக்குச்சி நிற்கிறது. தடித்த தந்தியின் பக்கம் மேல்பலகையின் அடியில் நீளமான மரச்சட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே தந்தியை மட்டும் மாற்றினால் இவை இடம் மாறா, ஒலி கெடும். இடது கைக்கென்றே செய்த வயலின்தான் சரி.

வலது கை முறையில் கற்பதும் தடையல்ல. அதில் தந்திகளை அழுத்தும் நுணுக்கமான வேலை இடது கை விரல்களுக்குத்தான்!