மண்டலம் சொல்லாமல் கிளை இல்லை

(விற்பனை மேலாளர் அறிக்கைத் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார். அதை வடிவமைத்த இளைஞர் அருகில் நிற்கிறார்.)

மேலாளர்: தம்பி, கிளை என்ற பெட்டி ஏன் மங்கிப்போய்க் கிடக்கிறது? எத்தனை முறை அழுத்தினாலும் திறக்க மறுக்கிறது.

இளைஞர்: முதலில் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள், சார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மண்டலத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான், அதற்குரிய கிளைகளை மட்டும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துவரும்படி வினவலை எழுதியிருக்கிறேன்.

மேலாளர்: எனக்குக் கிளைதான் தெரியும். அதைச் சொன்னால் மண்டலத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளாதா?

இளைஞர்: இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், 'நீ முதலில் சொல்' என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றுவிடும். எஸ்எஸ்ஆர்எஸ் (SSRS) போன்ற அறிக்கை தயாரிக்கும் மென்பொருளில், அளவுருக்களின், அதாவது நீங்கள் நிரப்பும் இந்தப் பெட்டிகளின், வரிசையில் கிளையை மண்டலத்துக்கு மேலே வைத்தாலே போதும். மேலே இருப்பது கீழே இருப்பதைச் சார்ந்திருக்கக் கூடாது என்று பிழைச் செய்தி வந்து, அறிக்கை ஓடாது.

மேலாளர்: நம் அலுவலகத்தில் மேலே இருப்பவர்கள் அனைவரும் கீழே இருப்பவர்களைச் சார்ந்துதான் இருக்கிறார்கள். இதுவரை ஒரு பிழைச் செய்தியும் வந்ததில்லை.

இளைஞர்: (தொண்டையைச் செருமி) மண்டலத்தைக் குறியுங்கள், சார்.

மேலாளர்: வடக்கு, கிழக்கு இரண்டையும் குறித்துவிட்டேன். கிளைப் பெட்டி இன்னும் உறங்குகிறதே!

இளைஞர்: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பெட்டியாக இருந்தால், தேர்ந்தெடுத்த உடனே தானாக அனுப்பிவிடும்படி செய்திருப்பேன். பலவற்றைக் குறிக்க வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான்; குறித்து முடித்துவிட்டீர்களா, மூன்றாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது என்பதால், பக்கத்தில் 'பட்டியலைப் புதுப்பி' என்ற பொத்தானை வைத்திருக்கிறேன். வினவலிலும், ஒன்றை மட்டும் ஒப்பிடும் சமக் குறியை நீக்கிவிட்டு, 'இந்தப் பட்டியலில் ஏதேனும் ஒன்று' என்று பொருள்படும் 'இன்' (IN) சேர்த்த பிறகுதான் இரண்டு மண்டலங்களை ஏற்றுக்கொண்டது.

மேலாளர்: (அழுத்துகிறார்) வந்துவிட்டது! ஆனால் 'மத்தியக் கிளை' ஏன் இரண்டு முறை வந்திருக்கிறது?

இளைஞர்: இரண்டு மண்டலங்களிலும் அந்தப் பெயரில் கிளை இருக்கிறது, சார். கண்ணுக்குப் பெயரைக் காட்டினாலும், உள்ளே கிளையின் குறியீட்டைத்தான் அனுப்புகிறேன். பெயரையே அனுப்பியிருந்தால், ஒருவர் விற்றது இன்னொருவர் கணக்கில் சேர்ந்து வந்திருக்கும்.

மேலாளர்: அதற்கு மென்பொருள் எதற்கு? நம் மாதாந்தரக் கூட்டமே போதுமே. சரி, பெயருக்குப் பக்கத்தில் மண்டலத்தையும் காட்டிவிடு. இப்போது மண்டலம் அனைத்தும், கிளை அனைத்தும், விற்பனையாளர் அனைவரும் என்று குறித்துவிட்டேன். இதை எக்செலில் இறக்கிக் கொடு.

இளைஞர்: அனைத்தும் வேண்டும் என்றால், மூன்று பெட்டிகளையும் ஒன்றோடொன்று ஏன் கோக்கச் சொன்னீர்கள், சார்?

மேலாளர்: எக்செலில் வடிகட்டியைப் போட்டு ஒரு மண்டலத்தைக் குறித்தால், கிளைப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடுகிறது. அந்த வசதி உன் திரையிலும் இருக்கட்டுமே என்றுதான் கேட்டேன்.