மூணு செடிதானே என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் குழுவில் வந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே அமெரிக்காவில், வட கரோலைனாவின் கரோலைனா பீச் பூங்காவுக்குப் போன நம் ஆட்கள், அங்கிருந்து பிடுங்கி ஒரு ஜிப்லாக் பையில் ஈர மண்ணோடு வைத்த மூன்று வீனஸ் ஃப்ளைட்ராப், அதாவது பூச்சி தின்னும் செடிகள். "திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி போட்டேன். "அரசாங்கமே ஆபத்தில்லைன்னு சொல்லிடுச்சு, உங்களுக்கு என்ன?" என்று பதில் வந்தது. அதற்கு அத்தனை லைக்.

சரி, அமெரிக்க அரசாங்கம் என்ன சொன்னது? அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2016-இல் மனு போனது. தேவையில்லை என்று 2023-இல் முடிவு சொன்னார்கள். 2019 கணக்கெடுப்பில் லட்சக்கணக்கான செடிகள் இருந்தன, அதில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட நிலத்தில். முடிவுக்குக் காரணமே அந்தப் பாதுகாப்புதான். யாரோ காவல் இருப்பதால் பிழைத்திருக்கிறது என்பதற்கு, எடுத்துக்கொண்டு போகலாம் என்றா அர்த்தம்? சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இது இன்னும் 'பாதிக்கப்படக்கூடியது' என்றுதான் இருக்கிறது. அதை யாரும் ஷேர் செய்யவில்லை.

லட்சக்கணக்கு என்றால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் உலகத்திலேயே இந்தச் செடி இயற்கையாக வளர்வது இங்கே வில்மிங்டன் நகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குள் மட்டும். வேறு எங்கேயும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பூச்சி தின்னும் செடி என்று படித்தபோது ஏதோ அமேசான் காட்டில் ஆளுயரம் நிற்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்த முதல் வருடம் கிரீன் ஸ்வாம்ப் என்ற பாதுகாக்கப்பட்ட சதுப்புக் காட்டுக்குப் போனோம். லாங்லீஃப் பைன் என்ற நீண்ட ஊசியிலை மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் புல்வெளி. சில வாரங்களுக்கு முன் தீ வைத்த இடம், தரையெல்லாம் கரி. மண்டியிட்டுப் பார்த்தால் அந்தக் கரிக்கு நடுவே என் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சை. இலையின் உள்பக்கம் சிவப்பு, ஒவ்வொரு மடலிலும் மூன்று ரோமம். ஒரு எறும்பு ஒரு ரோமத்தை உரசியது, ஒன்றும் ஆகவில்லை. சில நொடிகளில் இன்னொரு முறை உரசியது, இலை மூடிவிட்டது. என் மகள் மூச்சே விடவில்லை. தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். சும்மா மூட வைத்தால் செடியின் சக்தி வீண் செலவு. ஏழு வயதுக் குழந்தைக்கு அது புரிந்தது.

தீ இல்லாவிட்டால் புதர் மண்டிவிடும், வெயில் படாமல் செடி போய்விடும். அதனால்தான் ஆள் வைத்து, காற்று பார்த்து, சில வருடங்களுக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். அப்போது புகை வருகிறது என்று புகார் சொல்கிறவர்கள் யார்? பக்கத்தில் புதிதாக வீடு வாங்கிய நாம்தான். ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் இருந்த லாங்லீஃப் காடு இன்று அதில் சிறு துண்டு. மரம் வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், தீயை அணைத்தார்கள். மிச்சம் இருக்கிற துண்டில் இருந்துதான் உங்கள் பைக்கு மூன்று போயிருக்கிறது.

கடையில் விற்கிறார்களே என்று கேட்டவர்களுக்கு: கடையில் வாங்குங்கள். நாற்றங்காலில் வளர்த்தது, தாராளமாக வாங்கலாம். நான் எப்போது வேண்டாம் என்றேன்? காட்டில் பிடுங்குவது வேறு. 2014 டிசம்பரிலிருந்து இந்த மாநிலத்தில் அது சிறைக்கு அனுப்பும் குற்றம். சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகும் முன்பே ஹாலி ஷெல்டர் வனப்பகுதியில் 970 செடிகளோடு நான்கு பேர் பிடிபட்டார்கள். அவர்களும் ஒவ்வொரு முறை குனிந்தபோது ஒரு செடியைத்தானே எடுத்திருப்பார்கள்?

"ஊரில் எத்தனையோ அழியுது, அதுக்கு எழுதினீங்களா" என்று ஒருவர். எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள். எழுதாவிட்டாலும் இது தப்புதான்.

எனக்கு வலித்தது அதுகூட இல்லை. பத்து வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றாகப் பந்தி பரிமாறியவர்கள், "அண்ணனுக்கு வேற வேலை இல்லை" என்று எழுதினீர்கள். அந்தப் படத்தில் குழந்தைகளும் நிற்கிறார்கள். பையைப் பிடித்திருப்பது ஒரு பையன். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவனிடம் யார் என்ன சொல்லப் போகிறீர்கள்?

பூங்கா அலுவலகத்துக்குப் ஃபோன் போட்டுக் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால் நானும் வருகிறேன். அதுவரைக்கும் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதில் இருக்கிற உப்பு இதற்கு ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.