காவிரி என்றால் டி.எம்.சி. மட்டும்தானா?

பெங்களூருத் தமிழர்கள் காவிரி பேச ஆரம்பித்தால் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி தண்ணீர்) கணக்கில்தான் போய் நிற்போம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 177.25, பெங்களூருவுக்குக் கூடுதலாக 4.75 என்று அல்சூர் டீக்கடையில்கூட தசமப் புள்ளியோடு சொல்ல ஆள் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கில் பெரிய அக்கறை கிடையாது. "எப்ப வரும்னு சொல்லு, எவ்வளவுங்கறத அப்புறம் பாப்போம்" என்பார்.

அவர் சொல்வதும் சரிதான். டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் சரியாக ஜூன் 12. ஆனால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில், ஜூனில் தொடங்கும் குறுவை நெல் கருகி, அக்டோபரில் பாசனத்தையே நிறுத்தும்படி ஆனது. 2024இல் ஜூலைக் கடைசி. அந்த வருஷம் மார்ச்சில் நாம் இங்கே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். ஜூலை முடிவதற்குள் மேட்டூர் தன் முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது, 2023 எல் நினோ ஆண்டு. ஆனால் எந்தத் தேதியை நம்பி விதை விடுவது?

'விவசாயிகளுக்கு விழிப்புணர்வு வேண்டும்' என்று ஆபீஸில் ஒருவர் சொன்னபோது எரிச்சலாக வந்தது. ஊரில் பலர் நாற்று விட்டு நடுவதை விட்டு, புழுதியில் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். பள்ளமான வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தேறிவரும் நெல் ரகம். போர்வெல் உள்ளவர்கள் கோடையில் பருத்தி போடுகிறார்கள், அதையும் சில வருஷம் கோடை மழை கெடுக்கிறது. சித்தப்பா குறுவையைக் கைவிட்டு, அதற்கடுத்த போகமான சம்பாவோடு நிறுத்திக்கொண்டார். அவர் மகன் கே.ஆர்.புரத்தில் கேப் ஓட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

மாறாதது விதிமுறைதான். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் வருகிறது. மழை பெய்த பிறகு மாநிலம் கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தளர்வு. அதற்குள் குவியலில் நெல் முளைத்துவிடுகிறது. பயிர்க் காப்பீட்டிலும் விளைச்சல் இழப்பை ஊருக்கு மொத்தமாகத்தான் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தால், பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் கிடைக்காமலே போகலாம்.

இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் மறுநாளே 22 சதவீத ஈரப்பதம் வரை வாங்கலாம் என்று ஒரேயடியாக உத்தரவு போட என்ன தடை? ஈர நெல் கிடங்கில் கெட்டுப்போகும் என்பார்கள். உண்மைதான். உலர்த்தும் இயந்திரத்தைக் கொள்முதல் நிலையத்திலேயே வையுங்கள். தார் ரோட்டில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிற வேலையை மூன்று ஏக்கர்காரர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?