பத்தாயிரம் அடிக் கணக்கு
அறுபதைத் தாண்டியவர்கள் தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று முதியோர் உடல்நலம் பற்றிய இந்தக் கட்டுரை அடித்துச் சொல்வதுதான் இடிக்கிறது. அந்த எண் மருத்துவர்கள் வகுத்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், 3 நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளாமல் காப்பது அதுதானே? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா எண்பதை நெருங்குகிறார், சர்க்கரையும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் விடியுமுன் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். ஒரு சாண் அகல வரப்பில், சேற்றில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி நடந்து, குந்தி உட்கார்ந்து மடையைத் திறந்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருப்பார். 'வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே' என்று கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் அன்பருக்கு ஒன்று: மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்காமல், குறுவை நெல் சாகுபடி இல்லாமல் அவர் திண்ணையில் உட்கார்ந்த ஆண்டுகளில்தான் மூட்டுவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் வந்தன. பூச்சிமருந்து அடிப்பதை மட்டும் நாங்கள் தடுத்துவிட்டோம். அதற்காக இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.