சினைப்பை சும்மா வந்துவிடுமா?
கரு ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி என்று பேசும் இந்தக் கட்டுரையில், விந்தணுவை வீரனாகவும் கருமுட்டையைக் காத்திருக்கும் நாயகியாகவும் வர்ணித்த பாடநூல்களைச் சாடிவிட்டு, "எஸ்ஆர்ஒய் மரபணு இல்லையென்றால் கரு தானாகப் பெண்ணாகிவிடும்" என்று கட்டுரையாளரே எழுதுவதுதான் உறுத்துகிறது. (எஸ்ஆர்ஒய் என்பது ஒய் குரோமோசோமில் இருந்துகொண்டு, விந்தகம் உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணு.) தானாக என்றால் எப்படி? எஸ்ஆர்ஒய்யே இல்லாத, பெண்களுக்கு வழக்கமான எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ளவர்களிடம், ஆர்எஸ்பிஓ1 என்ற இன்னொரு மரபணு பழுதானதால் விந்தகம் வளர்ந்திருப்பது 2006-லேயே பதிவாகியிருக்கிறது. மேலே கருத்திட்ட ஒருவர் இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்கிறார். இல்லை ஐயா, 1990-இல் எஸ்ஆர்ஒய்யைக் கண்டுபிடித்த பிறகு விந்தகம் உருவாகும் விதத்தையே அதிகம் துருவினார்கள். சினைப்பை உருவாகும் வேலையை, சமையலறை வேலையைப் போல, அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. 2009-இல்தான், வளர்ந்த பெண் சுண்டெலியில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவை நீக்கினால் சினைப்பைச் செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறிவிடுகின்றன என்று தெரிந்தது. பருவம் வந்த பிறகும் அந்த மரபணு ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது!