அங்கன்வாடி மூணு வயசுக்கு மேலதானா?

"வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை அங்கன்வாடியெல்லாம் மூணு வயசுப் பிள்ளைக்குத்தான், அதுக்கு முன்னாடி அங்க வேலையில்லை"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருப்பது தப்பு. அங்கன்வாடிகளை நடத்துவது 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் (ICDS); அதில் கர்ப்பிணிகளும் பயனாளிகள். மூணு வயசுவரை காத்திருந்தால் கர்ப்பம் தொடங்கி இரண்டு வயசு வரையான முதல் 1000 நாள் போய்விடும். அதில் குன்றிய உயரத்தை மீட்பது ரொம்பக் கஷ்டம்.

கர்ப்பம் உறுதியானதும் அங்கன்வாடியில் பதியுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அதைத் தண்ணியாகக் கரைப்பதுதான் பெரிய கோளாறு: சின்ன வயிறு தண்ணியிலேயே நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதம் வேண்டும். தாய்ப்பாலோடு 6-8 மாதத்தில் தினம் 2-3 வேளை, அப்புறம் 3-4 வேளை. குழந்தையின் மேல்கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில்) 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி.

கவுன்சிலரிடம் அங்கன்வாடிக்குக் கட்டடம் மட்டும் கேட்காதீர்கள். எடை மெஷின் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.