பின்லாந்து கையெழுத்தை ஒழிக்கவில்லை

"பின்லாந்து 2016லேயே பள்ளிகளில் கையெழுத்தை ஒழித்துவிட்டது, உலகமே அந்த வழியில்தான் போகிறது" என்று சொல்லப்படுவது சரியன்று. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கட்டாயப் பயிற்சியிலிருந்து விலக்கியது, பென்சிலைத் தாளிலிருந்து தூக்காமல் ஒரு சொல்லின் எழுத்துகளைத் தொடுத்து எழுதும் கூட்டெழுத்தை மட்டுமே. எழுத்துகளைத் தனித்தனியே கையால் எழுதுவதை அங்குள்ள குழந்தைகள் முன்போலவே கற்கிறார்கள். அதனுடன் விசைப்பலகைப் பயிற்சிக்கும் இடம் தரப்பட்டது. தமிழை எழுத்தெழுத்தாகப் பிரித்தே எழுதும் நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாதுதான். ஆனால் 'அ'வின் சுழியை எங்கே தொடங்கி எப்படி வளைப்பது என்று ஒரு குழந்தை விரல் வெளுக்கப் பென்சிலை அழுத்திப் பழகுகிறதே, அந்தப் பயிற்சியையே ஒரு நாடு கைவிட்டுவிட்டது என்று சொல்வது மிகப் பெரிய குற்றச்சாட்டு. அதைச் சரிபார்க்காமல் பரப்பக்கூடாது.

உலகப் போக்கு பற்றிய கூற்றும் பொருந்தவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1 முதல் 6 வரையிலான வகுப்புகளின் கையெழுத்துப் பயிற்சியில் கூட்டெழுத்தையும் கற்பிக்க வேண்டும் என்று 2023இல் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது.